நாழிகையைப் போற்றும் கல்வி

தேர்வு நெருங்கும் மாதங்களில் பெரும்பாலான இல்லங்களில் இரண்டு குரல்கள் கேட்கின்றன. “படிக்க நேரமே போதவில்லை” என்கிறான் மகன். “இருக்கும் நேரத்தையெல்லாம் வீணாக்குகிறான்” என்கிறார் தந்தை. இருவரும் பேசுவது ஒரே இருபத்து நான்கு மணி நேரத்தைப் பற்றித்தான். ஒருவருக்கு அது குறைவாகத் தோன்றுகிறது. மற்றவருக்கு மிகுதியாகத் தோன்றுகிறது. ஆராய்ந்து பார்த்தால், குறைபாடு காலத்தில் இல்லை, அதைப் பங்கிட்டுக் கொள்வதில் இருக்கிறது என்பது புலப்படும்.

செல்வம் பிறப்பினால் ஒருவருக்குக் கூடலாம், மற்றவருக்குக் குறையலாம். அறிவுக்கூர்மையிலும் வேறுபாடு உண்டு. ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் செல்வர் வீட்டுப் பிள்ளைக்கும் இறைவன் நாள்தோறும் அளந்து தரும் நாழிகை அறுபதுதான். அதைச் சேமித்து வைக்க முடியாது. கடனாகப் பெறவும் முடியாது. செலவிட்டே தீர வேண்டிய செல்வம் அது. ஆகவேதான் அதை எவ்வாறு செலவிடுவது என்பதை நம் முன்னோர் அறத்தின் ஒரு பகுதியாகவே கருதினர்.

மைசூரில் கிடைத்த ஓலைச்சுவடி

மைசூரு நகரில் 1891-ஆம் ஆண்டு தோன்றிய கீழ்த்திசை நூலகம் ஒன்று உண்டு. இன்று அது கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் என்னும் பெயரில் மைசூருப் பல்கலைக்கழகத்தின் அங்கமாக விளங்குகிறது. தஞ்சாவூர் மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் அந்நூலகத்திடம் ஒப்படைத்த ஓலைச்சுவடி ஒன்றை, அங்கு நூலகராக இருந்த சாமசாஸ்திரி 1905-ஆம் ஆண்டு ஆராய்ந்தார். கிரந்த எழுத்தில் அமைந்த அந்தச் சுவடி, பல நூற்றாண்டுகளாகப் பிற நூல்களின் மேற்கோள்கள் வாயிலாக மட்டுமே அறியப்பட்டிருந்த கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் என்று கண்டார். 1909-இல் மூலநூலும், 1915-இல் ஆங்கில மொழிபெயர்ப்பும் அவருடைய உழைப்பால் அச்சேறின.

அரசியல் நூல் என்றே அறிஞர்கள் அதைப் போற்றுகின்றனர். ஆனால் அதன் முதற்பகுதியில், பள்ளி மாணவனும் பயில வேண்டிய ஓர் அத்தியாயம் இருக்கிறது. அரசனின் அன்றாடக் கடமைகளைக் கூறும் அத்தியாயம் அது. பகலை எட்டுப் பகுதிகளாகவும் இரவை எட்டுப் பகுதிகளாகவும் நாழிகைக் கணக்கால் பிரித்துக்கொள்ளுமாறு கௌடில்யர் அரசனுக்கு விதிக்கிறார். இன்றைய கடிகாரக் கணக்கில் ஒவ்வொரு பகுதியும் ஏறத்தாழ தொண்ணூறு நிமிடம். வரவு செலவு கேட்பது ஒரு பகுதியில். குடிமக்களின் குறை கேட்பது அடுத்ததில். படைகளைப் பார்வையிடுவது வேறொன்றில். இவ்வாறு பதினாறு பகுதிகளுக்கும் பணி வகுக்கப்பட்டுள்ளது.

இதில் மூன்று செய்திகள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, நாடாளும் அரசனுக்கே நாளுக்கு இருமுறை கல்வி விதிக்கப்பட்டிருக்கிறது: பகலின் மூன்றாம் பகுதியிலும் இரவின் இரண்டாம் பகுதியிலும், நீராடி உணவு கொண்டபின் அவன் நூல் பயில வேண்டும். இரண்டாவது, பகலின் ஆறாம் பகுதி அவனுடைய விருப்பத்திற்கு விடப்பட்டிருக்கிறது. ஓய்வுக்கும் உரிய இடம் உண்டு. அது திருடிக்கொள்ள வேண்டிய நேரம் அன்று. மூன்றாவது செய்தியே மிக முக்கியமானது. இவ்வளவும் வகுத்த பின்னர், அரசன் தன் ஆற்றலுக்கு ஏற்பப் பகலையும் இரவையும் வேறுவிதமாகப் பிரித்துக்கொண்டு கடமைகளைச் செய்யலாம் என்று கௌடில்யர் இடம் கொடுக்கிறார். அட்டவணை மனிதனுக்காக ஏற்பட்டது. மனிதன் அட்டவணைக்காக ஏற்பட்டவன் அல்லன்.

திருக்குறளிலும் ‘காலமறிதல்’, ‘மடியின்மை’ ஆகிய இரு அதிகாரங்களும் பொருட்பாலில், அரசியலில்தான் அமைந்திருக்கின்றன. காலத்தைப் பற்றிய அறிவுரையை அரசனுக்கு ஏன் கூற வேண்டும்? அவனை ஏவுவதற்கு மேலே ஒருவரும் இல்லை. தன்னைத் தானே ஆள வேண்டியவன் அவன். மாணவனின் நிலையும் அதுவே. பள்ளி மணி அடிக்கும் வரை ஆசிரியர் அவனை நடத்துகிறார். மணி அடித்தபின், மாலை முழுவதும், அவனே தன் நாளின் அரசன்.

பதினாறு பங்குகள்

அரசனின் அட்டவணையை அப்படியே மாணவன் மேற்கொள்ளுதல் கூடாது. அரசனுக்கு இரவில் மூன்று பகுதிகளே படுக்கைக்கு விதிக்கப்பட்டன. பதின்பருவத்தினருக்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் தேவை என்று இன்றைய மருத்துவம் கூறுகிறது. பகலில் கற்றது மனத்தில் நிலைபெறுவதற்கு உறக்கம் துணை செய்கிறது என்பதும் ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. மிகுதியாக உண்பவனுக்கும் யோகம் கைகூடாது, உண்ணாதவனுக்கும் கைகூடாது. மிகுதியாக உறங்குபவனுக்கும் இல்லை, உறங்காதிருப்பவனுக்கும் இல்லை என்னும் கருத்தைக் கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் பகவான் அர்ஜுனனுக்கு உபதேசிக்கிறார். தேர்வுக்கு முந்தைய இரவு விழித்திருந்து படிக்கும் மாணவன் தவம் செய்வதாக எண்ணிக்கொள்கிறான். கீதையின் அளவுகோலால் பார்த்தால், அது தவம் ஆகாது, மிகையே ஆகும்.

கௌடில்யர் தந்த சலுகையைப் பயன்படுத்தி, ஒரு மாணவனின் பதினாறு பகுதிகளைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். உறக்கத்திற்கு ஆறு பகுதிகள், அதாவது ஒன்பது மணி நேரம். பள்ளிக்கும் போய்வருவதற்கும் ஐந்து பகுதிகள். நீராடல், உணவு, பிரார்த்தனை, வீட்டுவேலை ஆகியவற்றிற்கு இரண்டு. மீதம் மூன்று பகுதிகள், நான்கரை மணி நேரம். அவற்றுள் ஒன்று விளையாட்டுக்கும் உறவாடலுக்கும் உரியது. எஞ்சிய இரண்டும் கல்விக்கு. ஒவ்வொன்றின் நடுவிலும் சில நிமிடம் எழுந்து உலாவி வரலாம். நாள்தோறும் மூன்று மணி நேரம் உண்மையாகவே படிப்பவனுக்கு நேரம் போதவில்லை என்னும் முறையீடு தோன்றாது. தொலைவிலிருந்து பேருந்தில் வரும் பிள்ளைக்கும், கடையில் தாய்க்குத் துணை நிற்கும் பிள்ளைக்கும் இந்தக் கணக்கு மாறுபடும். இரண்டு பகுதி இல்லாதவனுக்கு ஒரு பகுதி உண்டு. அந்த ஒன்றைச் சிதறவிடாமல் காப்பதே அவனுக்குரிய தர்மம்.

அட்டவணை போடுவதே படிப்பு என்று மயங்குவோரும் உண்டு. மைசூரில் நெடுங்காலம் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் 1935-இல் வெளிவந்த தம் முதல் நாவலில், சுவாமிநாதன் என்னும் பள்ளிச் சிறுவனைப் படைத்தார். தேர்வு நெருங்கும்போது அவன் மும்முரமாகச் செய்யும் வேலை, தாள், பேனா முள், மை, குண்டூசி என்று வாங்க வேண்டிய பொருள்களுக்குப் பட்டியல் எழுதுவது. படித்தவர்கள் அனைவரும் சிரிப்பார்கள். சிரித்தபின் தங்களையும் அதில் காண்பார்கள். பலவண்ண மையால் கோடிட்ட அட்டவணை சுவரில் தொங்குவதால் பாடம் மனத்தில் ஏறிவிடாது.

விசுவேசுவரய்யாவின் நாள்கள்

அட்டவணையை வாழ்க்கையாக்கிக் காட்டியவர் மோக்ஷகுண்டம் விசுவேசுவரய்யா. முத்தேனஹள்ளி என்னும் சிற்றூரில் பிறந்து, இளமையிலேயே தந்தையை இழந்தவர். பெங்களூர் மத்தியக் கல்லூரியில் பயின்ற காலத்தில், ஒரு குடகுக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துத் தம் செலவுக்கு வழிதேடிக்கொண்டார். வறுமை அவருடைய நேரத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது. எஞ்சியதைக் கொண்டே 1881-இல் பட்டம் பெற்றார். பின்னர் மைசூரு அரசின் உதவித்தொகையால் புணே சென்று, 1883-இல் பொறியியல் தேர்வில் முதன்மை பெற்றார்.

1909-இல் மைசூரு அரசின் தலைமைப் பொறியாளரானார். 1912 முதல் 1918 வரை திவானாகப் பணியாற்றினார். நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆட்சியில், அவர் திவானாக இருந்தபோதுதான் 1916-இல் மைசூருப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. காவிரியின் குறுக்கே 1911-இல் தொடங்கிய கிருஷ்ணராஜசாகர் அணையின் பணி, அவர் பதவியிலிருந்து விலகிப் பல ஆண்டுகள் கழித்தே நிறைவு பெற்றது. நேரந்தவறாமைக்கு அவர் பெயர் பெற்றவர். 1955-இல் பாரத ரத்னா விருது பெற்றார். நூறு வயதைக் கடந்து 1962-இல் மறைந்தார்.

ஓர் அணை ஒரே இரவில் எழுவதில்லை. இன்று வைத்த கல்லின் மேல்தான் நாளைய கல் அமர வேண்டும். இன்றைய வரிசையை விட்டுவிட்டு, ‘கடைசி மாதத்தில் சேர்த்துக் கட்டிவிடலாம்’ என்று எந்தப் பொறியாளரும் எண்ணமாட்டார். அணைக்குப் பொருந்தும் இந்த நியாயம் ஆண்டுப் பாடத்திற்கும் பொருந்தும். ஜூன் மாதத்துப் பாடத்தை ஜூன் மாதத்திலேயே கட்டி முடிப்பவனுக்கு மார்ச் மாதம் அச்சம் தருவதில்லை.

மனனம் என்னும் சொல்

நேரம் ஒதுக்கியாயிற்று; அந்த நேரத்தில் எவ்வாறு படிப்பது? பிருகதாரண்யக உபநிஷதத்தில் யாக்ஞவல்கியர் தம் மனைவி மைத்ரேயிக்கு ஆத்ம ஞானத்தை அடையும் வழியை உபதேசிக்கிறார். அதை சிரவணம், மனனம், நிதித்யாசனம் என்று மூன்று படிகளாக வேதாந்திகள் விளக்குவர். சிரவணம் என்பது குருவிடமிருந்து கேட்டல். மனனம் என்பது கேட்டதை யுக்தியால் ஆராய்ந்து, ஐயங்களை எழுப்பி, அவற்றைத் தீர்த்துக்கொள்ளுதல். நிதித்யாசனம் என்பது தெளிந்த பொருளில் மனத்தை இடையறாது நிறுத்துதல்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ‘மனனம்’ என்னும் சொல்லுக்கு நேர்ந்த கதி வருந்தத்தக்கது. பொருள் புரியாமல் நெட்டுருப் போடுவதையே மனனம் என்று வழங்கும் நிலை ஏற்பட்டுவிட்டது. ஐயம் தீரும்வரை சிந்திப்பதற்கு ஏற்பட்ட சொல், சிந்திக்காமல் ஒப்பிப்பதற்குப் பெயராகிவிட்டது! சொல்லைத் திருத்த முடியாவிட்டாலும் செயலைத் திருத்தலாம். இது ஏன் இவ்வாறு, இல்லையெனில் என்ன ஆகும், இதற்கும் முந்தைய பாடத்திற்கும் என்ன தொடர்பு என்று பாடத்தை நோக்கி வினவும் மாணவன் உண்மையான மனனம் செய்பவனாகிறான்.

இன்னொரு மயக்கமும் உண்டு. பாடத்தை நான்கு முறை வாசித்த மாணவன், ‘எல்லாம் தெரிகிறது’ என்று புத்தகத்தை மூடுகிறான். தேர்வறையில் வெற்றுத்தாள் முன் அமர்ந்ததும் ஒன்றும் தோன்றுவதில்லை. படித்ததெல்லாம் எங்கே போயிற்று? நம் தத்துவ நூல்கள் பிரத்யபிஞை, ஸ்மிருதி என்று இரண்டைப் பிரித்துக் காட்டுகின்றன. முன்பு கண்ட பொருள் மீண்டும் கண்முன் வரும்போது ‘இது அதுவே’ என்று இனங்காண்பது பிரத்யபிஞை. பொருள் எதிரில் இல்லாதபோதும் அதை உள்ளிருந்து எழுப்புவது ஸ்மிருதி. திரும்பத் திரும்ப வாசிப்பவனுக்கு முதலாவது எளிதில் வாய்க்கிறது. அதை அவன் இரண்டாவது என்று கருதிவிடுகிறான். தேர்வு கேட்பதோ இரண்டாவதை.

மேலை நாட்டு ஆய்வுகளும் இதையே உறுதிப்படுத்துகின்றன. 1885-இல் ஹெர்மான் எபிங்ஹாஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், தம்மையே சோதனைக்கு உட்படுத்தி, கற்றது முதலில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் மறக்கிறது என்று காட்டினார். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர், ஒரு பகுதியைத் திரும்ப வாசித்த மாணவர்களையும், வாசித்தபின் பாராமல் நினைவுகூர்ந்து எழுதிய மாணவர்களையும் ஒப்பிட்டனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களே மேலாக இருந்தனர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நினைவுகூர்ந்தவர்கள் மிகவும் முந்தினர். திரும்ப வாசிப்பது உடனே தரும் திருப்தி நெடுநாள் நிற்பதில்லை என்பது இதன் பொருள்.

எனவே முறை எளிது. பாடத்தைக் கருத்துடன் ஒருமுறை வாசிக்க வேண்டும். புத்தகத்தை மூட வேண்டும். நினைவில் நிற்பதை வெற்றுத்தாளில் எழுத வேண்டும். பின்னர் புத்தகத்தைத் திறந்து, விடுபட்டதையும் பிழைபட்டதையும் குறித்துக்கொள்ள வேண்டும். மறுநாளும், ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் இதையே மீண்டும் செய்ய வேண்டும். முதல் நாள் வெற்றுத்தாள் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். அதைக் கண்டு மனம் தளரலாகாது. அந்த வெறுமை குறையும் அளவே உண்மையான முன்னேற்றம்.

அலையும் மனமும் இல்லத்தின் கடமையும்

படிக்க அமர்ந்த கால் மணி நேரத்திற்குள் கைபேசியை நாடுகிறது கை. மனத்தைக் கட்டுவது காற்றைக் கட்டுவது போல அரிது என்று அர்ஜுனனே முறையிட்டான். அது அரிது என்பதை பகவான் மறுக்கவில்லை. அப்யாஸத்தாலும் வைராக்கியத்தாலும் கைகூடும் என்றார். கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு வருவது மாணவனுக்குரிய வைராக்கியம். மனம் ஓடிய ஒவ்வொரு முறையும் சினமின்றி, அலுப்பின்றி அதைப் பாடத்திற்கே அழைத்து வருவது அவனுக்குரிய அப்யாஸம். ஒரு மாலையில் இருபது முறை ஓடியதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. இருபது முறை திருப்பி அழைத்தவன் அன்று இருபது முறை பயிற்சி செய்திருக்கிறான்.

அர்த்தசாஸ்திரத்தின் அதே அத்தியாயம் பெற்றோருக்கும் ஒன்று கூறுகிறது. அரசன் ஊக்கமுடையவனாக இருந்தால் பணியாளரும் ஊக்கமுடையவராவர். அவன் சோம்பினால் அவர்களும் சோம்புவர் என்னும் கருத்துடனேயே அது தொடங்குகிறது. கூடத்தில் தொலைக்காட்சி ஒலிக்க, தந்தையின் கையில் கைபேசி ஒளிர, மகன் மட்டும் உள்ளறையில் ஏகாக்கிரதையுடன் படிக்க வேண்டும் என்பது நியாயமாகுமா? பிள்ளை படிக்கும் அந்த ஒரு பகுதியில் பெற்றோரும் ஒரு நல்ல நூலைக் கையில் எடுத்தால், அதைவிடச் சிறந்த அறிவுரை வேறில்லை.

தேர்வு முடிந்த பின்

இவ்வளவு செய்தும் மதிப்பெண் குறைந்தால்? தேர்ச்சியே பெறாவிட்டால்? இந்த வினாவைத் தவிர்த்துவிட்டுக் கல்வியைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. தேர்வு முடிவு வெளியாகும் நாளில் எத்தனையோ இல்லங்களில் இளம் உள்ளங்கள் தாங்க முடியாத சுமையைத் தாங்குகின்றன.

சுவாமிநாதனைப் படைத்த நாராயணின் தந்தை, மைசூரு மகாராஜா உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். அந்தத் தலைமையாசிரியரின் மகனே பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்றார். அதன்பின் கிடைத்த ஓராண்டை நூல்கள் வாசிப்பதிலும் எழுதிப் பழகுவதிலும் கழித்தார். 1926-இல் தேர்ச்சி பெற்று மகாராஜா கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் பட்டம் பெற வழக்கத்தைவிட ஓராண்டு கூடுதலாயிற்று. பிற்காலத்தில் அவர் 1960-ஆம் ஆண்டின் சாகித்ய அகாதமி விருதும், 2000-இல் பத்ம விபூஷண் விருதும் பெற்றார். மைசூரு யாதவகிரியில் அவர் வாழ்ந்த வீடு 2016 முதல் நினைவில்லமாக விளங்குகிறது. தோற்றவர் அனைவரும் பெரிய எழுத்தாளராவர் என்பது இதன் பொருள் அன்று. ‘இழந்த ஆண்டு’ என்று உலகம் கணக்கெழுதிய ஓராண்டும் கருத்துடன் செலவிட்டால் இழப்பாகாது என்பதே பொருள்.

செயலில்தான் மனிதனுக்கு அதிகாரம், பலனில் இல்லை என்பது கீதையின் உபதேசம். இதை முயற்சியைக் கைவிடுவதற்குச் சாக்காகக் கொள்வோர் உண்டு, அது தவறு. தொண்ணூறு நிமிடங்களை எவ்வாறு செலவிடுவது என்பது மாணவனின் கையில் இருக்கிறது. வினாத்தாளில் எது வரும் என்பது அவன் கையில் இல்லை. கையில் இருப்பதில் முழுச் சிரத்தையும் வைத்து, கையில் இல்லாததை இறைவனிடம் ஒப்படைப்பவனுக்கு அச்சம் குறைகிறது. அச்சம் குறைந்த மனத்தில்தான் கற்றது தெளிவாக எழுகிறது. ஆகவே இந்த உபதேசம் தேர்வுக்குப் பின் ஆறுதல் மட்டும் அன்று. தேர்வுக்கு முன் வலிமையும் ஆகும்.

முடிவு எதுவாயினும், அன்று வீடு திரும்பும் பிள்ளையிடம் முதலில் கேட்க வேண்டியது “எவ்வளவு?” என்பதன்று, “சாப்பிட்டாயா?” என்பதே. சோர்வு நீங்காமல் பிள்ளை ஒதுங்கியே இருந்தால், அருகில் அமர்ந்து பேச வேண்டும். ஆசிரியரிடமும் மருத்துவரிடமும் தயங்காமல் அழைத்துச் செல்ல வேண்டும். டெலி மானஸ் என்னும் அரசின் மனநல உதவி எண் 14416 எந்நேரமும் இருக்கிறது. மதிப்பெண் ஒரு நாளின் அளவு; பிள்ளை இறைவனின் அளவற்ற சக்தி உறையும் ஆலயம். ஆலயத்தின் மதிப்பை அன்றைய உண்டியல் கணக்கைக் கொண்டு முடிவு செய்வார் உண்டோ?

நாளைய பொழுது விடியும்போது மீண்டும் அறுபது நாழிகை அளந்து தரப்படும். அவற்றுள் ஒரு பகுதியையேனும் சிதறாத மனத்துடன் கல்விக்கு அர்ப்பணிக்கும் மாணவனுக்கு, படிப்பே பூஜையாகிறது; மேஜையே பீடமாகிறது. அந்த அர்ப்பணம் ஒவ்வோர் இல்லத்திலும் மலர எல்லாம்வல்ல இறைவன் அருள்புரிவானாக!